வேறு கம்பெனி வண்டி

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து மூன்றே வண்டி. மூன்று பேரும் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கி, சார்ஜ் ஏறியதும் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். இரண்டு மெஷின், நான்கு வயர், ஒரு தகரக் கூரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான். காட்டூர் ரோட்டில் கார் கம்பெனி இந்தச் சார்ஜ் போடுகிற இடத்தைத் திறந்து எட்டு மாதம் ஆகிறது. வாசலில் என்னைவிடப் பெரிய போர்டு: பிற நிறுவன வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

மதியம் மக்பூல் பாய் வந்தார். பழவேற்காடு டவுன்காரர், கரண்ட் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். அது வேறு கம்பெனி வண்டி, பழசு, பேட்டரி தளர்ந்துவிட்டது. திங்களும் வியாழனும் அவருடைய அம்மா கைருன் பீவியை டயாலிசிஸுக்குச் சென்னை கூட்டிப் போய் வருகிறார். வீட்டில் போடுகிற சார்ஜ் போகவர முழுசாகப் போதவில்லையாம்.

"அஞ்சு பர்சென்ட்தான் இருக்குது தங்கச்சி. வீடு வரைக்கும் இழுக்காது. வயரு நம்ம வண்டிக்கும் சேரும்," என்றார். பின்சீட்டில் அந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

வயர் சேரும்தான். கம்பெனியின் ஆப்தான் அவர் வண்டியை ஏற்காது. ஆப் படுத்துவிட்டால் உபயோகிக்க என்று என்னிடம் ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். அதை மெஷினில் காட்டினால் எந்த வண்டி என்று கேட்காமல் ஓடும். காட்டினேன். இருபது நிமிடம். அதற்கான காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தேவேந்திரன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏரியில நம்ம பாட்டுல வேற ஊருக்காரன் வந்து வலை போட்டா உடுவோமா? அது மாரிதான் இதுவும். உனக்கு இன்னாத்துக்கு வம்பு?" பாடு என்று இடம் பிரித்து, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்து ஏரியில் வலை போடுகிற மனுஷன், வேறு எப்படிப் பேசுவார்.

செப்டம்பர் 15, திங்கள்

மறுபடி மக்பூல் பாய். மறுபடி கார்டு.

கைருன் அம்மா இன்று விழித்திருந்தார். என் பேரைக் கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாமாம். நான் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த தண்ணீரை விழுங்கவே வெட்கமாகப் போய்விட்டது. "நீ குடி கண்ணு, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது," என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

ஏரியா மேனேஜர் முரளி சார் சென்னையிலிருந்து போன் செய்தார். மக்பூல் பாய் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் இந்த இடத்தைத் திறந்துவிட வேண்டும், சுற்றுவட்டாரத்தில் வேறு இடமே இல்லை என்று. நல்ல கடிதம்தானாம். கடைசியில் ஒரு வரி: 'அங்கு பணிபுரியும் சகோதரி செவ்வந்தி இரண்டு முறை எங்களுக்கு உதவினார், அவருக்கு இறைவன் அருள் புரியட்டும்.'

இறைவன் அருள் முரளி சார் வழியாக வந்தது. "இன்னொரு தடவை வேற வண்டிக்குக் கார்டு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது செவ்வந்தி. எழுதிக் குடுத்திருக்காரு மனுஷன், நான் எப்படி மறைக்கிறது?"

என்ன மனிதர் இவர்? ஒருத்தி உதவினால் வாயை மூடிக்கொண்டு போகக் கூடாதா? காற்றும் மழையும் வந்து படகு கரையில் கிடக்கிற நாட்களில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது அவருக்குத் தெரியாதா? பேரைப் போட்டுத்தான் நன்றி சொல்ல வேண்டுமா?

எழுத எழுத இன்னும் எரிச்சலாக வருகிறது.

அக்டோபர் 9, வியாழன்

மக்பூல் பாய் வண்டி ரோட்டில் போனது. கை காட்டினார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

மூன்று நாளாக மழை. டவுனில் நேற்று மாலையிலிருந்தே கரண்ட் இல்லை. இங்கே தனி லைன், இருந்தது.

காலை ஏழு மணிக்கு மக்பூல் பாய் வண்டி வந்து நின்றது. "ராத்திரி பூரா கரண்ட் இல்ல தங்கச்சி. பதினொரு பர்சென்ட்தான் இருக்குது. திங்கக்கிழமை தீவாளின்னு சென்டர் லீவு உட்டுட்டாங்க. அம்மாவுக்கு டயாலிசிஸ் பண்ணி இன்னியோட ஒரு வாரம். மூச்சு வாங்குது."

பின்சீட்டைப் பார்த்தேன். கைருன் அம்மாவின் முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

நான் சொன்னேன்: "கார்டை ஆபீஸ்ல லாக் பண்ணிட்டாங்க பாய். இப்ப ஓடாது. நீங்க எழுதின லெட்டராலதான்."

அவர் முகம் சின்னதாகப் போய்விட்டது. "என்னாலயா?" என்றார். பிறகு, "மன்னிச்சிக்கோ தங்கச்சி, நான் அப்படி நெனச்சு எழுதல." என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

108-க்கு நான்தான் போன் போட்டேன். மேடூர் பக்கம் ரோட்டில் தண்ணீர், வர நேரமாகும் என்றார்கள். பாய் பத்து நிமிடம் பார்த்தார். பொறுக்காமல் பொன்னேரிப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். கார்டை யாரும் லாக் செய்யவில்லை. என் யூனிஃபார்ம் பையில்தான் இருந்தது. பேசும்போது அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பயமா? பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. அவர் முகம் சின்னதாகப் போனபோது, ஒரு நொடி — ஒரு நொடிதான் — நல்லா வேணும் என்று தோன்றியது.

அக்டோபர் 24, வெள்ளி

தேவேந்திரன் மீன் ஏலத்துக்கு டவுன் போனவர் கேட்டுக்கொண்டு வந்தார். வண்டி பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டதாம். ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர மதியம் ஆகியிருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். ஐசியு.

"பாவம்பா," என்றார்.

ஏரியில் முறை இல்லாதவன் வலையை அவிழ்த்துக் கரையில் போடுவார்கள், அது வாஸ்தவம். ஆனால் படகு கவிழ்ந்து ஒருத்தன் தண்ணீரில் கையைத் தூக்கினால், எந்த ஊர் என்று கேட்டு யாரும் நின்று நான் பார்த்ததில்லை. இந்த மனுஷனே ஆந்திராக்காரன் ஒருவனை இழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டிருக்கிறார். இது எனக்கு நேற்று ஏன் ஞாபகம் வரவில்லை?

அக்டோபர் 26, ஞாயிறு

கைருன் அம்மா இறந்துவிட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போயிருக்கவும் கூடாது.

மக்பூல் பாய் மனைவி நிலோஃபர் என் கையைப் பிடித்துப் பெண்கள் நடுவில் உட்கார வைத்தாள். "இவங்கதான் அந்த அக்கா. முன்னாடி ரெண்டு வாட்டி சார்ஜ் போட்டு உட்டாங்க. அன்னிக்குக் கம்பெனிக்காரன் கார்டைப் பூட்டிட்டான். இல்லாங்காட்டி இவங்க உட்டிருக்க மாட்டாங்க." எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். ஒரு வயசான அம்மா என் கன்னத்தைத் தொட்டார். டீ கொடுத்தார்கள். குடித்தேன். எப்படிக் குடித்தேன்?

அக்டோபர் 30, வியாழன்

தூங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

முரளி சார் போன். 24-ஆம் தேதியிலிருந்து எங்கள் கம்பெனியின் எல்லா இடங்களும் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் திறந்துவிடப்படுகின்றனவாம். குரலில் ஒரே உற்சாகம். "அந்த மக்பூல் லெட்டர் மாதிரி நூத்துக்கணக்குல வந்திருக்கு. உங்க பாயின்ட்ல அவரையே முதல் ஆளா கூப்பிடுங்க. போட்டோ எடுப்போம்."

அவருடைய அம்மா இறந்துவிட்டார் என்றேன். "ஐயையோ," என்றார் சார். பிறகு, "எதுக்கும் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். மக்பூல் பாய், "வர்றேன் தங்கச்சி. வேற யாருக்காவது ஒதவட்டும்," என்றார்.

நவம்பர் 24, திங்கள்

ரிப்பன், பலூன், லட்டு. பழைய போர்டைக் கழற்றிக் கழிவறைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மக்பூல் பாய் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஆப்பில் தன் வண்டி நம்பரைப் போட்டார், மெஷின் ஓடியது. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான காரியம்.

பேசச் சொன்னார்கள். "இந்தத் தங்கச்சி நல்ல மனசு," என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். போட்டோவில் முரளி சாருக்கும் அவருக்கும் நடுவில் நான். கை தட்டினார்கள்.

டிசம்பர் 11, வியாழன்

மக்பூல் பாய் இப்போது அதே டயாலிசிஸ் சென்டருக்கு ஜமுனா என்கிற டவுன் பெண்ணைத் திங்களும் வியாழனும் கூட்டிப் போகிறார். என் வயதுதான் இருக்கும். போகிற வழியில் இங்கே நின்று சார்ஜ் போட்டுக்கொள்கிறார். இன்று அவளிடம் என்னைக் காட்டி அதே கதையை ஆரம்பித்தார். நல்ல தங்கச்சி, பூட்டிய கார்டு.

என்னால் முடியவில்லை. மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"பாய், கார்டை யாரும் பூட்டல. நான் பொய் சொன்னேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஓடுற கார்டா?"

"ஓடுற கார்டுதான்."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான். கையிலயே இருந்துச்சு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் போய் வயரைப் பிடுங்கி, சுருட்டி, ஒழுங்காக அதன் இடத்தில் மாட்டினார். முப்பத்தி நான்கு பர்சென்ட். சென்னை போகும், திரும்பி வராது. "போலாமா பாய், ஆயிடுச்சா?" என்று ஜமுனா கேட்டாள். "ஆயிடுச்சும்மா," என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அந்த அம்மாவை விதி கொண்டுபோனது என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதரிடம், இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். யாருக்காகச் சொன்னேன்? அவருக்காகவா?

டிசம்பர் 15, திங்கள்

வரவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

வரவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பொங்கல் நெருங்குகிறது, ஏரியைப் பார்க்க வருகிற கூட்டம் ஆரம்பித்துவிட்டது. இன்று பதினேழு வண்டி, அதில் பதிமூன்று வேறு கம்பெனி. வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். மாவட்டத்திலேயே நம் இடம்தான் அதிகம் ஓடுகிறது என்று முரளி சார் பாராட்டினார். இன்னொரு மெஷின் வரப்போகிறதாம்.

தேவேந்திரன் சாப்பிடும்போது சொன்னார்: "மக்பூல் பாய் வண்டி இப்பல்லாம் அஞ்சு மணிக்கே கெளம்பிடுது. அந்தப் பொண்ணு ஜமுனா பின்சீட்ல போத்திக்கினு தூங்குது, பாக்கவே பாவமா இருக்குது. ஹைவேக்குச் சுத்திப் போயி அங்கதான் சார்ஜ் போடறாராம். நம்ம இடத்துலதான் எல்லாருக்கும் தொறந்து உட்டாச்சே, அவரு லெட்டர் போட்டுத்தானே தொறந்தாங்க? அப்பறம் இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போறாரு?"

தெரியலையே என்றேன்.