அடக்கத்தன்று எடுக்கச் சொன்ன வரி

பொட்டலத்தைப் பிரித்ததும் தைலம் மணத்தது. அவ்வளவுதான், கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தாலே உனக்குத் தலைவலி வரும். நெற்றியில் தைலம் தேய்த்த விரலாலேயே தாளையும் திருப்புவாய். மூலைகளெல்லாம் எண்ணெய்க் கறை. நீயே போய்விட்டாய், உன் தலைவலி மட்டும் போகாமல் இந்தத் தாள்களில் உட்கார்ந்திருக்கிறது.

அனுப்பியவர் உன் சென்னை ஆசிரியர். பயிற்சிக் காலத்தில் நீ அவருக்கு எழுதிக் கொடுத்தவை எல்லாம் இருக்கின்றன. பிரசங்கங்கள், கட்டுரைகள், பாதியில் நின்ற ஜெபங்கள், ஓரங்களில் அவருடைய பச்சை மை. ஓரிடத்தில், ‘இது நீ நம்புவதா, உனக்குச் சொல்லித் தந்ததா?’ என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே நீ பென்சிலால், ‘தெரியவில்லை ஐயா’ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் பார்த்ததும் ஆச்சரியம் தாங்கவில்லை. வருடக்கணக்காகப் படூரில் ஒரே வீட்டில் இருந்தோம், ‘தெரியவில்லை’ என்று நீ சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நான் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். எனக்கு சாமி என்றால் ஆடி மாதக் கூழும் மாவிளக்கும். நீயோ ஞாயிறுதோறும் விடிந்தும் விடியாமல் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போவாய், யூனிட்டேரியன் போதகராகப் பயிற்சி எடுக்க. அது என்ன புதுசாக என்று கேட்டேன்.

“கடவுள் ஒருத்தர்தான்டி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரா பிரிக்க மாட்டோம். இயேசு மனுஷர். கும்பிடறதுக்கு இல்ல, அவர் பின்னாடி நடக்கறதுக்கு” என்றாய்.

என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். படாளத்தில் உன் ஊர்ச் சபையில் எழுந்து நின்று அதையே சொன்னாய். அவர்கள் பதிவிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நீ எனக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வந்தாய். சாப்பிடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாய். கேட்டால் காரம் என்றாய்.

உன் பயிற்சியில் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அடக்க உரை எழுத வேண்டும், அதை அவர் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும். அவர் பொய் என்று சொல்கிற வரியை எடுத்துவிட வேண்டும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் போதகர்களுக்குப் பொய் பழகிவிடக் கூடாதாம். முதலில் என்னைத்தான் கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மொதல்ல வாயைக் கழுவுடி” என்றேன். நீ போய் உன் அம்மாவுக்கே எழுதிவிட்டாய்.

மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து அதை வாசித்தாய். ஊரிலிருந்து வந்திருந்த உன் அம்மா மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“பொறுமையின் உருவமான இந்தத் தாய்...” என்று ஆரம்பித்தாய்.

“இன்னாது, பொறுமையா? உங்க நைனாவ நான் பேசாத பேச்சா? அத எடு மொதல்ல.”

“திருச்சபையே தன் உயிரென வாழ்ந்தவர்...”

“கோயிலுக்கு நான் போறதே நாலு சனத்தப் பாக்கத்தான். அதுவும் பொய்தான், எடு. இன்னும் இன்னா கீது?”

“ஒரே வரிதாம்மா மிச்சம். கோழிக் குழம்பு நல்லா வெப்பாங்கன்னு.”

“அது கெடக்கட்டும்” என்றார். நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த புது ஜோடி திரும்பிப் பார்த்தது.

அப்புறம் அந்தக் காய்ச்சல். லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில் வந்தது. “ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்டி, பிரசங்கம் இருக்கு” என்று போனில் சொன்னாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் அதையேதான் சொன்னாய். அந்த ஞாயிறு வந்தபோது நீ இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதும், சரியாகப் பாருங்கள் என்று நான் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். உனக்கு முப்பத்தோரு வயது.

உன் சென்னை சபைக்கு இருப்பது ஒரு வாடகைக் கூடம்தான், கல்லறைத் தோட்டம் கிடையாது. உன் ஆசிரியரும் அப்போது படுத்த படுக்கை. உன் அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், படாளத்தில் உன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் உன்னை வைக்க வேண்டும் என்று. பெயர் எடுக்கப்பட்டவளுக்கு அங்கே இடமில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் காலையில் ஊர்ப் போதகர் சம்மதித்துவிட்டார் என்றார்கள். எப்படி என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

குழிக்கருகில் நின்று அவர் பேசினார். “நம் சகோதரி கடைசி மூச்சிலே தன் தவறை உணர்ந்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய திரியேக தேவனை அறிக்கையிட்டு, நம்மிடத்தில் திரும்பி வந்தாள்.” சுற்றி நின்றவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள்.

கடைசி மூச்சின்போது உன் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அப்படி எதுவும் நீ சொல்லவில்லை. உன் அம்மாவைப் பார்த்தேன், அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்துக்காக அவர் போதகரிடம் போய்ச் சொன்ன பொய் அது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். கயிற்றில் பெட்டி இறங்கத் தொடங்கியது.

“ஐயா, நில்லுங்க.”

உன் அம்மாதான். “அந்த வரிய எடுத்துடுங்க. எம்பொண்ணு அப்டி சொல்லல. எடம் வோணும்னு நான்தான் சொன்னேன்.”

கயிறு பிடித்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்டி பாதிக் குழியில் தொங்கியது. “பொய் சொல்லியா எடம் வாங்கின?” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். போதகர் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மேலே ஏற்ற வேண்டும். அந்த வெயிலில் உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவோம்?

போதகர் புத்தகத்தை மூடினார். “எறக்குங்கப்பா” என்றார். “ஆனா இதுக்கு மேல நான் வாசிக்க முடியாதும்மா.” நடந்து போய் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வீட்டுக்குப் போகவில்லை.

வார்த்தை சொல்ல ஆளில்லாமல் கிடந்தாய். ஊரூராகப் போய் அடுத்தவர்களுக்கு அடக்கம் செய்யப் படித்தவள் நீ. உன் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீ பேசும்மா. நீதான கூட இருந்த. எம்பொண்ணு இன்னா சொன்னா? உள்ளத சொல்லு.”

அதை யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

“பயமா இருக்குன்னு சொன்னாம்மா” என்றேன். “ஜெபம் பண்ணுடின்னேன். ஒண்ணும் வரலடின்னு சொன்னா. என் கையை விடவே இல்ல.”

போதகராகப் போகிறவளைப் பற்றி இதையா சொல்வது என்று எனக்கே தோன்றியது. உன் அம்மா மட்டும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். பிறகு குழியின் ஓரத்தில் மண்டியிட்டு உள்ளே குனிந்தார்.

“பயப்படாத கண்ணு” என்றார், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அனுப்புகிற மாதிரி. “நைனா பக்கத்துலதான் கீறாரு.”

அதன் பிறகுதான் மண்ணைப் போட்டார்.

இந்தத் தாள்களை இன்று ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். கடவுளைப் பற்றி, சாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாய், பச்சை மைக்காரரே பல இடங்களில் ‘நன்று’ போட்டிருக்கிறார். உன் அம்மா சொன்னதைப் போல ஒரு வரி எதிலும் இல்லை. பயம் வரும்போதெல்லாம் எனக்குக் காதில் விழுவது அந்தப் ‘பயப்படாத கண்ணு’தான், அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று நான் சொன்னதையும் கேட்ட உன் அம்மாவுக்கு எது காதில் விழுகிறது என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.