தாயை அடக்கம் செய்த இடம்

12 ஆகஸ்ட் 2002, திங்கள்

இன்று முப்பத்தொரு மனுக்கள். இந்த ஆகஸ்ட் குளிர்காலத்தில் கூடத்தில் கணப்பு வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பரில் வங்கிகள் எல்லோருடைய சேமிப்பையும் முடக்கிக் கதவைச் சாத்தியதிலிருந்து இப்படித்தான். போன வருஷம் எங்கள் யூத அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தவர்களே இந்த வருஷம் மருந்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் எழுபது, எண்பது வயசுக்காரர்கள். பிள்ளைகள் இஸ்ரேலுக்கோ ஸ்பெயினுக்கோ போய்விட்டார்கள்.

கூட்டம் கூடியதும் யூதர் அல்லாதவர்களும் வருகிறார்கள் என்று நிர்வாகக் குழுவுக்குக் கவலை வந்துவிட்டது. பெற்றோரின் கல்யாண ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள் என்றால், பாதிப் பேருக்கு அது போலந்திலேயே எரிந்து போயிற்று. நான்தான் வழி சொன்னேன்: தாயை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேளுங்கள். தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர். எங்கள் சமூகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு போன் போட்டால் வரிசை எண்ணோடு சொல்லிவிடுவார்கள். தலைவர் தோன் பென்ஹமின் குழு முன்னால் என்னைப் பாராட்டினார். "பெர்லா, பள்ளிக்கூட ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினது வீண் போகல." எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுத் தாளில் அதுதான் இப்போது ஏழாவது கேள்வி.

14 ஆகஸ்ட், புதன்

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

செலியா விந்தர்மன், எண்பது வயசு. கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. போன வாரம் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாராம். கட்டடத்துக்காரர்கள் எரிவாயுவை நிறுத்திவிட்டார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தால் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் அரசாங்க முதியோர் விடுதிதான். ஆறு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஏழாவதில் நின்றார்.

"அதை விட்டுட்டு மிச்சத்தை எழுதுங்க" என்றார், மெதுவாக.

"அதை விட முடியாது, செனோரா."

"அப்ப, தெரியாதுன்னு போடுங்க."

நான் என்ன செய்தேன்? குரலை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வரும் பிள்ளையைக் கேட்கிற அதே குரல். "பெத்த அம்மாவை எங்க புதைச்சாங்கன்னு எப்படிங்க தெரியாமப் போகும்?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வரிசையில் மூன்றாவதாக இருந்த நாஹூம் கோர்ன் கிழவர் சொன்னார்: "நம்ம கல்லறைக்குப் போன் போட்டா அந்தம்மா கிடைக்க மாட்டாங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் கேளுங்க."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். செலியா பையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார். ஒருவரும் எழுந்து கதவைத் திறந்துவிடவில்லை. நானும்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என்றால் என்ன என்று இந்த ஊரில் எங்கள் வயசுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் போலந்திலிருந்து கல்யாணம் என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிவந்து, வீடுகளில் அடைத்துத் தொழிலுக்கு விட்ட பெண்கள். கூட்டிவந்தவர்களும் நம்மவர்கள்தான். சமூகம் அவர்களைத் தள்ளி வைத்தது, நல்லது. ஆனால் அந்தப் பெண்களையும் சேர்த்துத் தள்ளி வைத்தது. ஜெப ஆலயத்திலும் இடமில்லை, கல்லறையிலும் இடமில்லை. தனியாக ஒரு நிலம், நடுவில் மதில். சின்ன வயசில் அந்த மதிலைப் பற்றிக் கேட்டதற்கு என் அம்மா என் வாயில் அடித்தாள்.

நானே யோசித்த கேள்வி. எத்தனை பெருமை எனக்கு.

15 ஆகஸ்ட்

சூப்பு வைத்தேன். இறங்கவில்லை. கொட்டிவிட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

தொலைபேசியைக் கவனிக்கும் மாபெல் ஆறுதல் சொல்ல வந்தாள். "விதிப்படிதானே கேட்டீங்க? நீங்க என்ன அவங்க பொறப்பையா நோண்டினீங்க?"

"அதைத்தான் நோண்டினேன்" என்றேன்.

"சரி, சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டாள். அவளிடம் எனக்குப் பிடித்தது இதுதான். ரொம்ப நேரம் பொய் சொல்ல மாட்டாள்.

22 ஆகஸ்ட், வியாழன்

இன்னும் மூன்றரை வாரத்தில் கிப்பூர் நோன்பு. கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் அந்த நோன்பு துடைக்கும். மனுஷருக்குச் செய்த பிழைக்கு அந்த மனுஷரிடமே போய் நிற்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் மறுபடி போக வேண்டும், மூன்று தடவை வரை. அதற்கு மேல் நம் மேல் குற்றமில்லை. அப்பா வருஷா வருஷம் இந்த மாதத்தில் சின்ன நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு கிளம்புவார்.

என் நோட்டில் ஒரு பெயர்தான். மாடி ஏறிப் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, "யாரு?" என்றார். சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"மாடிப்படியில வெளிச்சம் இருக்கா? பாத்து இறங்குங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

29 ஆகஸ்ட், வியாழன்

நேற்றுக் குழு கூடியது. விந்தர்மன்: சான்று இல்லை, நிராகரிப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண் தெரியாத கிழவி ஆறிய ரொட்டியைத் தின்றுகொண்டு இந்தக் குளிரில் இருக்கிறாள், நாங்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டோம்.

இன்று ஒரு காரியம் செய்தேன். செலியா பெயரில் புது மனு ஒன்று எழுதினேன். ஏழாவது கேள்விக்கு என் பெரியம்மா ஹன்னாவின் பெயரையும் அவள் கல்லறையின் வரிசை எண்ணையும் போட்டேன். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. யார் வந்து கேட்கப் போகிறார்கள்? மாபெல் போன் போட்டாள், ஆமாம் இருக்கிறார் என்று கல்லறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய்த்தாள் எழுதியிருக்கிறேன். பதினைந்து நாளில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

4 செப்டம்பர்

அனுமதி வந்துவிட்டது. தினம் நாலு மணி நேரம், மிர்த்தா என்கிற பெண்.

5 செப்டம்பர், வியாழன்

நாளை மாலை எங்கள் யூதப் புது வருஷம் பிறக்கிறது. தேன் கேக்கும் அனுமதிக் கடிதமும் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை கதவு திறந்தது. இரண்டாவது தடவையும் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தைப் படிக்கச் சொன்னார். நானும் மடத்தனமாக, மனுவின் நகலோடு சேர்த்துப் படித்தேன்.

"யாரு ஹன்னா?"

"என் பெரியம்மா. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியாது, செனோரா."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எங்க அம்மா பேரு ருக்ல. பத்தொன்பது வயசுல கப்பல்ல வந்தா. முப்பத்தொரு வயசுல செத்தா. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அன்னிலேருந்து யார் கேட்டாலும் எனக்கு அம்மா இல்ல, தெரியாதுன்னே சொல்லிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துல சொன்னேன். வேலை பாத்த கடையில சொன்னேன். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயும் சொன்னேன், அவங்க எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. உங்க கூடத்துலயும் அதேதான் சொன்னேன். நீங்க அதை மை போட்டு எழுதிட்டீங்க."

"உதவணும்னுதான்—"

"தெரியுது. அதைக் கிழிங்க. கிழிச்சதும் சொல்லி அனுப்புங்க, நானே வந்து எழுதறேன்."

கேக்கை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். முதல் தடவை அவரை மட்டும்தான் அவமானப்படுத்தினேன். இப்போது அவர் தாயையும் சேர்த்து. அதுவும் அன்பு என்று நினைத்துக்கொண்டு. என்ன ஜென்மம் நான்?

10 செப்டம்பர், செவ்வாய்

தோன் பென்ஹமினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுத் தூக்குவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல காரியந்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "அப்படியே இருக்கட்டும். அந்தக் கதையை எதுக்குக் கிளறணும்? அந்தம்மாவுக்கு ஆள் கிடைச்சாச்சு, நமக்கும் தொந்தரவு இல்ல."

பொய்த்தாள் இருக்கட்டுமாம். உண்மைத்தாள்தான் தொந்தரவு.

அவர் முன்னாலேயே கிழித்தேன். "அப்ப மிர்த்தாவும் கிடையாது, தெரியுமில்ல?" என்றார். தெரியும். செலியாவுக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன். "சரி, வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார்.

13 செப்டம்பர், வெள்ளி

நோன்புக்கு முன்னால் சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கும் நாள். கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. தோன் பென்ஹமின் தன் கையால் கொடுப்பதற்காக வந்திருந்தார். செலியா வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். உள்ளறைக்குப் போய்விடலாம் என்றேன். "வேண்டாம்" என்றார். "எழுதுங்க. ருக்ல விந்தர்மன், மதிலுக்கு அந்தப் பக்கம். ரெண்டாவது வரிசை."

சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

தோன் பென்ஹமின் வேகமாக வந்தார். "செனோரா, தப்பா எடுத்துக்காதீங்க. அது சமூகத்தோட கல்லறை இல்ல. அதைச் சான்றா எடுத்துக்க விதியில இடமில்ல."

"எங்க அம்மாவை ஏன் தள்ளி வெச்சாங்க, ஐயா?" என்று கேட்டார் செலியா. "இத்தாலிக்காரி, ஸ்பானியக்காரின்னு எத்தனையோ பேர் அதே தெருவுல அதே தொழில்தான் பண்ணாங்க. அவங்களையெல்லாம் யாரும் தள்ளி வைக்கல. வேத்து ஆளை யார் தள்ளி வைப்பாங்க? இவ நம்ம பொண்ணுன்னு தெரிஞ்சதாலதானே மதில் கட்டினீங்க? இதைவிட என்ன சான்று வேணும் உங்களுக்கு?"

தோன் பென்ஹமின் பெட்டிகளைப் பார்த்தார். நான் எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினேன். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டார். மனசு மாறிப் போட்டாரா, மானம் போய்விடுமே என்று போட்டாரா, எனக்குத் தெரியாது.

டாக்சி வரைக்கும் செலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். நோன்பு ஞாயிறு மாலை தொடங்குகிறது. மறுபடி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"எத்தனை தடவை ஆச்சு?" என்றார்.

"ரெண்டு."

"மூணாவதும் கேட்டுட்டா உங்க கடமை முடிஞ்சுடும். நான் சரின்னாலும் இல்லைன்னாலும் நீங்க உங்க வழியைப் பாத்துக்கிட்டுப் போயிடலாம். அதனால இப்பக் கேக்காதீங்க."

அந்தக் கிழவிக்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் செய்திருப்பேன்.

17 அக்டோபர், வியாழன்

நாலு மணிக்குச் செலியா வீட்டுக்குப் போனேன். எரிவாயு வந்துவிட்டது. மிர்த்தா நூடுல்ஸ் சூப்பு வைத்துவிட்டுப் போயிருந்தாள். உப்பு போதாது என்று இரண்டு பேரும் குறை சொல்லிக்கொண்டே குடித்தோம். செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடத்துக்குப் படிக்காதீங்க, எனக்குப் படிங்க" என்று ஒரு தடவை அதட்டினார். மரண அறிவிப்புகளை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தார். "ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல" என்றேன்.

"சரி. அடுத்த வியாழக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்க."