காளை பிடிக்கும் முன்

அன்பு மகள் ஆராசெலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஊரும் முழுசாக இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்தியில் நம் மலை எரிவதைப் பார்த்துப் பதறியிருப்பாய். எடின்பரோவில் நீயும் மருமகனும் பேரன் இயனும் அதேபோல் நன்றாக இருக்க வேண்டும்.

அவசரப்படுத்த ஸ்பானிஷில் நாம் சொல்லும் சொலவடைகளையும், அதற்கு இங்கிலீஷ்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் உன் வகுப்புக்காகக் கேட்டிருந்தாய். யோசித்து எழுதலாம் என்றிருந்தேன், செவ்வாய்க்கிழமை எல்லாம் தானாகவே வாயில் வந்துவிட்டது. மத்தியானம் காற்று திரும்பியது, எல்லாரும் ரோண்டா நகரத்துக்குக் கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். அப்பா தீயணைக்கப் போன ஆட்களோடு இருந்தார். மேட்டு வீட்டு இங்கிலீஷ்காரர் டெஸ்மண்டும் அவர் மனைவி பெரிலும் மட்டும் இறங்கி வரவில்லை. அப்பாவின் வேனை எடுத்துக்கொண்டு, சாத்தான் தூக்கிப்போகும் ஆன்மா மாதிரி படுவேகமாக மேடேறினேன். இதையே அவர்கள் நரகத்திலிருந்து கிளம்பிய வௌவால் என்பார்கள் என்று நீதானே சொன்னாய், குறித்துக்கொள்.

தீ வருகிறது என்றால், தெரியும், தூரத்தில்தானே என்கிறார் அந்த மனுஷர், கையில் தேநீர்க் கோப்பை. பொறுமை போய், நேரம் கை மீறுகிறது என்பதற்கு நாம் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் திருப்பிவிட்டேன்: "சீக்கிரம் வாங்க, காளை நம்மளப் பிடிச்சிடும்." அவர் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளே போட்டுவிட்டார். தோட்டத்தில் காளை புகுந்துவிட்டது, வெளியே போகாதே என்று பெரிலிடம் சொல்வது எனக்குக் கேட்டது. என் தலையில் சாம்பல் விழுகிறது, கதவு திறக்கவில்லை. அப்போதுதான், நாம் காலையில் போனில் பேசும்போது இயனை எழுப்ப நீ கத்துவது நினைவுக்கு வந்தது, காலை உதறு என்றால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தமாமே.

"ஷேக் எ லெக், டெஸ்மண்ட். காளை இல்ல, நேரந்தான் இல்ல."

தாழ்ப்பாள் திறந்தது. பெரிலுக்கு முழங்கால் கட்டு, குனிந்து ஷூ நாடா கட்ட வரவில்லை. முட்டை மேல் நடக்கிற மாதிரி இவ்வளவு மெதுவாகவா என்று நான் கத்தக் கத்த அவள் இன்னும் தடுமாறினாள். மெதுவாக உடுத்திவிடு, எனக்கு அவசரம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வாயை மூடி, மண்டியிட்டு, இரண்டு நாடாவையும் நிதானமாக முடிந்தேன். கூடுதல் அவசரம் குறைந்த வேகம் என்று அவர்களிடமும் உண்டாம், பெரில் பிறகு சொன்னாள். இறக்கத்தில் சாலையோரப் புதர் பற்றிக்கொண்டது. அதை மிதி, அதை மிதி என்று டெஸ்மண்ட் அலறினார். எதை என்று நான் கேட்கவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தேன். தாண்டிவிட்டோம்.

ரோண்டா விளையாட்டு அரங்கில் நாங்கள் நுழைந்தபோது ஊரே எழுந்து கைதட்டியது, மகளே. பொழுது சாய்ந்ததும் காற்று அடங்கியது, அப்பாவின் ஆட்கள் தீயை ஓடைக்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு வீடு போகவில்லை. கரி அப்பிய முகத்தோடு வந்தவர் முதலில் வேனைத்தான் விசாரித்தார். எல்லாரும் உன்னையே பேசுறாங்களே, அப்படி என்ன பண்ணின என்றார். வண்டி ஓட்டினேன் என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார், என் நல்ல சட்டையெல்லாம் கரி.

இயனின் பாஸ்போர்ட் முடியப்போகிறது, மறக்காமல் புதுப்பித்துவிடு. மாதா உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். நவம்பரில் வந்து சேருங்கள், செஸ்ட்நட் பொறுக்க ஆள் வேண்டும். தோப்பு அப்படியே நிற்கிறது.

உன் அம்மா,
விசித்தசியோன்