அரிக்கன் சட்டியில் அம்மாவின் தோடு

10 மே 2024, வெள்ளி

லீவு முடிந்து இன்று கரவெட்டிக்கு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் யன்னலோரம் இருந்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. நேற்று அம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு. படைத்துச் சாப்பிட்டு, இலை எடுக்க முன்னரே அண்ணை கேட்டதுதான் காதுக்குள் நிற்கிறது.

"கலா, அம்மான்ரை தோடு எங்கை?"

கனடாவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தவர். அம்மா என்ன குளிசை போடுகிறா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தோட்டை மட்டும் மறக்கவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர். எல்லாரும் கையைக் கழுவாமல் என் வாயைப் பார்த்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். அண்ணை வந்திறங்க முன்னரே அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தாயிற்று. சங்கிலியையும் காப்பையும் கழற்றிப் பெட்டியில் வைத்து, பிறகு அண்ணியின் கையில் கொடுத்தேன். தோட்டின் சுரை இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுத் திருகினேன், அசையவில்லை. காதை வெட்டவா முடியும்? தோட்டோடு போகட்டும் என்று தாடையைச் சுற்றி நாடிக்கட்டைக் கட்டினேன். அந்தத் துணி இரண்டு காதையும் மூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து செத்தவீட்டை நேரலையில் பார்த்தவர்களும் முகத்தைத்தான் கண்டார்கள். காதை ஒருவரும் காணவில்லை.

அண்ணி துஷாந்தினி சிரித்தா. "சங்கிலி கழண்டது, காப்புக் கழண்டது, தோடு மட்டும் கழரேல்லையாக்கும்."

அவ்வளவுதான். நான் கள்ளி.

12 மே, ஞாயிறு

சோமசேகரம் மாமா வந்தார். அன்பாகக் கதைத்தார், அதுதான் கூடச் சுட்டது. "எடுத்திருந்தாக் குடுத்திடு பிள்ளை. ஒருத்தரும் உன்னைக் குறை சொல்லாயினம்."

"மாமா, நான் எடுக்கேல்லை."

"ஓம் ஓம், எடுக்கேல்லை. ஆனாக் குடுத்திடு."

அவர் போனபின் முற்றத்தில் நின்று யோசித்தேன். தங்கம் எரிந்து புகையாகிப் போகாது. காடாத்தன்று அண்ணை எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டுக் கடலில் கரைத்தார். மிச்சச் சாம்பல்? அங்கேதானே கிடக்கும்!

13 மே, திங்கள்

சுடலைக்குப் போனேன். எழுதவே கை கூசுகிறது. எங்கள் ஆட்களில் பெண்கள் அங்கே போவதில்லை.

பக்கத்து வீட்டு ஜெசிதாதான் துணை. கிறிஸ்தவப் பிள்ளை. "எங்கடை ஆக்கள் சவக்காலைக்கு ஆம்பிளை பொம்பிளை எல்லாரும்தான் போறது. வாங்கோ அக்கா, நான் வாறன்" என்றாள். அவளுடைய மனுசனின் மோட்டார் சைக்கிள், இரண்டு உரப்பை, அள்ளுவதற்கு ஒரு சவள். கடற்கரையோரம், அம்மாவை எரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாம்பலை ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். எங்களுக்குப் பிறகு அங்கே வேறு ஒருவரையும் எரிக்கவில்லையாம். அள்ளினோம். கரியும் மணலும் ஆணியும் சாம்பலும். வரும்போது மதிலுக்கு மேலால் யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

பார்க்கட்டும்.

15 மே, புதன்

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். தங்கம் அரிப்பது எப்படி என்று காட்டுகிற வீடியோக்கள் ஆயிரம் கிடக்கின்றன. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் ஆற்றுக்குள் குந்தியிருந்து, சட்டியைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிக்கிறான். லீவு நாளில் பொழுதுபோக்குக்கு அரிக்கிறானாம். பொழுதுபோக்கு! கொடுத்துவைத்தவன்.

அவன் வைத்திருக்கும் சட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உள்ளே வரி வரியாக இருக்கிறது. எங்கள் அரிக்கன் சட்டிதான் அது. பத்து வயதிலிருந்து அரிசி அரித்துக் கல்லெடுக்கிற எனக்கு இவன் என்ன படிப்பிக்கிறது?

16 மே, வியாழன்

அவன் சொன்னபடி முதலில் ஒத்திகை. ஜெசிதா தந்த மீன்வலை ஈயத்தை வெட்டித் தட்டிச் சின்னச் சின்னத் துண்டாக்கி, மணலோடு கலந்து அரித்தேன். பத்துப் போட்டதில் நான்குதான் மிஞ்சியது.

"உப்பிடி அரிச்சா அம்மான்ரை தோடு கடலுக்குத்தான் போகும்" என்றாள் ஜெசிதா. வாயை மூடடி என்றேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

18 மே, சனி

என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

விடியவே தொடங்கினேன். சாம்பலை மணல் அரிக்கும் அரிதட்டில் சலித்து, பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தால் ஆணிகளை இழுத்தெடுத்து, கிணற்றடியில் பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, சட்டி சட்டியாக அரித்தேன். சலிக்கும்போது ஒரு எலும்புத் துண்டு வந்தது. விரலாக இருக்கலாம். அதைத் துணியில் சுற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டு வந்து திரும்ப அரித்தேன். அம்மா, நீயே பார், உன் பிள்ளை என்னை என்ன வேலை செய்ய வைத்திருக்கிறான்.

ஒரு பை முடிந்தது. ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஜெசிதா கேட்டாள். "அக்கா, கடைசியா அடியிலை நிக்கிறதை ஏன் தென்னைக்குக் கீழை ஊத்துறியள்?"

சட்டியைக் கீழே வைத்தேன்.

அரிசி அரிக்கும்போது மேலே வருவதை எடுப்போம், அடியில் நிற்கும் கல்லை வீசுவோம். தங்கத்துக்கு மறுவளம். மேலே வருவதை விட்டு அடியில் நிற்பதை எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். வீடியோவில் பார்த்தேன், ஈயத்திலும் பழகினேன். ஆனால் அரிக்கன் சட்டியைத் தூக்கியதும் கை தன் பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்திருக்கிறது. காலையிலிருந்து அம்மாவின் தோட்டைத் தேடித் தேடித் தென்னைக்கு ஊற்றியிருக்கிறேன்!

எனக்கு ஏன் எல்லாமே இப்படி?

19 மே, ஞாயிறு

தென்னையடியைக் கொத்தி அந்த மண்ணையும் வாளியில் எடுத்தாயிற்று. இனிப் பொறுமையாகச் செய்வேன்.

முறையும் மாற்றினேன். சட்டியைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, இடமும் வலமும் குலுக்கி, பாரமானது அடிக்கு இறங்கும்வரை பொறுக்கிறேன். பிறகுதான் சாய்க்கிறேன். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. இல்லையென்றால் நுண்ணிய துகள்கள் மேலே மிதந்து ஓடிவிடும். கடைசியில் நிற்பதை ஊற்றாமல், வெள்ளைப் பீங்கானில் கவிழ்த்து ஜெசிதாவிடம் கொடுக்கிறேன். என் கையை நான் நம்பவில்லை.

ஈயத் துண்டில் திரும்பவும் ஒத்திகை. பத்தும் வந்தது.

21 மே, செவ்வாய்

கிடைத்தது.

வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் தென்னையடி மண்ணை அரித்தேன். வரிக்குள் கறுப்பாக ஒன்று உருளாமல் நின்றது. பழப்புளி போட்டுத் தேய்த்தேன். மஞ்சள்! இன்னொரு சட்டியில் மற்றது. உருகி, மணி மாதிரித் திரண்டு கிடந்தன. சுரையும் இல்லை, பூவும் இல்லை.

கிணற்றுக்கட்டில் இருந்து குழறி அழுதேன். செத்தவீட்டில்கூட இப்படி அழவில்லை. ஜெசிதா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

24 மே, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு, பஸ் மாறிச் சுன்னாகத்துக்குப் போனேன். அண்ணையும் அண்ணியும் அண்ணியின் தாய்வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள்.

அண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "தங்கம்தான்."

"அம்மான்ரை தோடு, அண்ணை. சாம்பலுக்கை கிடந்தது."

அண்ணி எட்டிப் பார்த்தா. "தோடெண்டு இதிலை எழுதியோ கிடக்கு? வீட்டு அடுப்பிலை உருக்கினாலும் உப்பிடித்தான் வரும்."

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மணிகளைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு பொம்பிளை, சுடலைக்குப் போய் அம்மான்ரை சாம்பலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியோ?"

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் விளங்கியது. உருகின தங்கத்துக்கு முகம் இல்லை. நான் தேடியது கிடைத்துவிட்டது, கிடைத்தும் பிரயோசனம் இல்லை.

1 ஜூன், சனி

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கீரிமலையில் அண்ணை கிரியை செய்ய, நான் பெண்களோடு நின்றேன். எனக்குப் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள், கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள்: "உவதான். தங்கத்துக்காகத் தாயின்ரை சாம்பலை அரிச்சவ."

போன மாதம் கள்ளி. இந்த மாதம் பேய். நாசமாய்ப் போங்கோ எல்லாரும்.

4 ஜூன், செவ்வாய்

அண்ணை போய்விட்டார். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வான் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்றது. அண்ணி இறங்கவில்லை.

"கலா, அந்தத் தங்கம் வைச்சிருக்கிறியோ?"

"ஏன்?"

"அம்மான்ரை ஞாபகமா என்னட்டை ஒண்டுமில்லை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அது அம்மான்ரை எண்டு ஆர் சொன்னது?"

வானைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். "அம்மான்ரைதான். எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

படலையின் கொளுக்கியைப் போட்டுக் கழற்றினார்.

"படலையடியிலை நிண்டு சத்தமாச் சொல்லுங்கோ. தாறன்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாரதி ஹோன் அடித்தான். நான் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அம்மா இருந்திருந்தால், அண்ணை கேட்ட உடனேயே காதை அறுத்தென்றாலும் கொடுத்திருப்பா. அந்த ஆத்திரத்தில்தான் கொடுத்தேன்.

11 ஜூன்

அலுவலகத்தில் என் டப்பாவிலிருந்து ஒருவரும் கறி எடுப்பதில்லை.

8 செப்டெம்பர், ஞாயிறு

காலையில் ஜெசிதா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பேஸ்புக்கில் அண்ணியின் கை. விரலில் புது மோதிரம். கீழே எழுதியிருக்கிறா: "மாமியின் தோட்டில் செய்த மோதிரம். என்றும் எங்களோடு."

எட்டுச் செலவன்று கை கழுவாமல் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இதயம், பூ, கும்பிட்ட கை. சோமசேகரம் மாமா எழுதியிருக்கிறார்: "அம்மாவின் ஆசி."

"அக்கா, இதை எல்லாருக்கும் காட்டுவம். தோடு ஆரிட்டை எண்டு இப்ப தெரியுதுதானே!"

"எல்லாரும் கண்டிட்டினம் ஜெசிதா. விருப்பமும் போட்டிட்டினம்."

அவள் போனை அணைத்தாள். பிறகு கறிக்குக் கொண்டுவந்த மீனைத் தந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஒரு சுண்டு அரிசி போட்டேன். சோற்றில் கல் கடிபட்டது. இப்போதெல்லாம் ஒவ்வொரு நாளும் கடிபடுகிறது. அரிக்கன் சட்டியில் அடியில் நிற்பதை வீசக் கை வருகிறதில்லை.