கண்ணை மூடிட்டுப் பார்த்தேனுங்க

ஏனுங்க, ஸ்தோத்திரமுங்க. சளி விட்டுப்போச்சுங்களா? மதுக்கரைல மழைன்னாங்க, காதுக்குத் துணி கட்டிக்கோங்க.

நீங்க பாடிப் பதிஞ்ச சர்ச்சுப் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்கல்ல? துபாய்ல நான் சமைக்கிற ஊட்டு டீச்சரம்மாகிட்டக் கேட்டேன். மீட்டுத் தர்ற சாஃப்ட்வேர் ரெண்டு காட்டுனாங்க. நீங்க பார்வையில்லாம ஓட்டோணுமேன்னு நானும் கண்ணை மூடிட்டு ஓட்டிப் பார்த்தேனுங்க. முதலாவது வாயே தொறக்கல. ரெண்டாவது ஒவ்வொரு பட்டனையும் படிச்சுச் சொல்லுச்சு. அதுக்குள்ள அடுப்புல குழம்பு தீஞ்சுபோச்சுங்க. "ஏம்மா விமலா, மூக்கையும் சேத்து மூடிட்டயா?"ன்னு டீச்சரம்மா சிரிச்சாங்க.

அந்த ரெண்டாவதை ஊர்ல இருக்கற என் தங்கச்சி ஜெனிதா பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாருவா. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல புதுசா எதும் பதிஞ்சுபோடாதீங்க, அழிஞ்சதுமேல ஏறிட்டா திரும்பாதாமுங்க.

பாடோணும்னு தோணுனா எனக்குப் போன் போட்டுப் பாடுங்க. இங்கயும் ஒரு காப்பி இருக்கட்டுமுங்க.

டீச்சரம்மா கூப்படறாங்க, முடிச்சுக்கறேன்.
விமலாராணி