கட்டம் காலியாக இருக்கக் கூடாது

சேரன்மகாதேவி
10.8.2024, சனிக்கிழமை

அன்பு நித்யாவுக்கு,

செந்தில்முருகன் எழுதுவது. முத்தாரம்மன் புண்ணியத்தில் நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் இங்கே அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். இன்றைக்கு அதை எழுத முடியவில்லை.

பதறாமல் படி. நம் சின்னவன் ராஜ் இப்போது நன்றாக இருக்கிறான். நேற்று ராத்திரி இரண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவதுக்குச் சண்டை போட்டான். ஆனால் போன மாதம் இருபத்தேழாம் தேதி அவனுக்கு மறுபடியும் வலிப்பு வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக வராமல் இருந்தது. மூன்று நாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். சாத்தான்குளத்தில் அக்கா வீட்டுக் கோயில் கொடைக்குப் போயிருக்கிறோம், அங்கே டவர் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அந்த மூன்று நாள்தான். கொடைக்கும் போகவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். மூத்தவள் வடிவு என் பக்கத்தில்தான் நின்றாள்.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் என் தோளில் ஏறி நிற்கிறார்கள். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாயும் தானாக எல்லாம் சரியாக இருக்கு என்று சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டு முஃபீதாவின் வீட்டுக்காரர் நூர்முகம்மது அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஷிப்டு முடிந்து, இரண்டரை மணி மில் பஸ்ஸை விட்டுவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணிக்கு அடுத்த பஸ். அதற்குள் முடிக்க வேண்டும்.

எப்படி வந்தது என்றுதான் நீ முதலில் கேட்பாய். நர்ஸ் இல்லையா, அந்தக் கேள்வி உனக்குத் தெரியும். மாத்திரை தவறிவிட்டது. ஒரு வேளை இல்லை, மூன்று காலை. அதற்கு முழுக் காரணம் நான்தான். எப்படி என்று சொல்கிறேன், குறுக்கே கோபப்படாமல் கடைசி வரை படித்துவிடு.

நீ போன புதிதில் நம் வீடு கிடந்த கிடை உனக்குத் தெரியாது. ஒரு செருப்பு வாசலில் கிடந்தால் அதன் ஜோடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ராஜின் பெல்ட்டைத் தேடித் தேடி கடைசியில் அரிசி வாளியில் எடுத்தேன். ஒருநாள் வடிவு டிபன் பாக்ஸில் முந்தின நாள் சோறு அப்படியே இருந்தது, அதைத்தான் மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது, எல்லாவற்றையும் மண்டையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சந்தைக்கடை மாதிரி நடத்துகிறாய் என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். நீ போன பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. பதினாறு வருஷம் மில்லில் குப்பை கொட்டியவன், மேஸ்திரியாக ஒரு டிபார்ட்மென்டையே ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளையையும் ஒரு அடுப்படியையும் ஓட்ட முடியாதா என்று நினைத்தேன்.

அப்படித்தான் அடுப்படிக் கதவில் சாக்பீஸால் அந்தக் கட்டத்தைப் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் படம் எடுத்து உனக்கு அனுப்புவேனே, அதுதான். யூனிஃபார்ம் துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, வீட்டுப்பாடம், காலை மாத்திரை, மாலை மாத்திரை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். எந்த வேலை யாருக்கு என்பது என் ஷிப்டைப் பொறுத்தது. நான் காலை ஷிப்டு என்றால் விடியும் முன்னே கிளம்பிவிடுவேன், அந்த வாரம் காலை மாத்திரை வடிவு பொறுப்பு. மதிய ஷிப்டு என்றால் காலை மாத்திரை என் பொறுப்பு, மாலை அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு மாறும், கதவிலும் பேரை மாற்றி எழுதுவேன். சத்தியமாக நன்றாக ஓடியது நித்யா. உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டியதாகச் சொன்னாய், மேஸ்திரிக்கு ஒரு சபாஷ் என்று எழுதினாய். அதைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன்.

இனிமேல் சொல்வதுதான் அசிங்கம். மில்லில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. மணிக்கு ஒரு தடவை மிஷின் ஹாலின் ஈரப்பதத்தைப் பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுதுகிறோமா இல்லையா என்பது மீட்டருக்கும் எனக்கும்தான் தெரியும். வேலை மும்முரத்தில் நான் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துப் போட்டுவிடுவேன். எழுதினது தப்பாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால்தான் கேள்வி வரும். இந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜூன் மாதம் ஒருநாள் கதவில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. வடிவிடம் கேட்டேன், வேலையெல்லாம் செய்தாயிற்று, டிக் போடத்தான் மறந்துவிட்டேன் என்றாள். அதற்குப் போய்க் கத்தினேன். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால ஒரு கட்டங்கூட காலியா கெடக்கக் கூடாது, கேட்டியாட்டி என்று கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பாடம் ஏறிவிட்டது.

ஜூலை கடைசி வாரம் எனக்கு மதிய ஷிப்டு. கதவில் காலை மாத்திரை அப்பா என்று எழுதியிருந்தது. புதன்கிழமை மில்லில் பாதிப் பேர் கொடைக்கு லீவு போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள் காலை ஷிப்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள், சரி என்றேன். கதவில் மாற்றி எழுதவில்லை. வாரத்தின் நடுவில் ஷிப்டு மாறினால் என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. காலை ஷிப்டு என்றால் வடிவு கொடுப்பாள் என்று நான் இருட்டோடு கிளம்பிவிட்டேன். அவள் எழுந்து கதவைப் பார்த்திருக்கிறாள், அப்பா என்று இருக்கிறது. கிளம்பும்போதே கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் காலைக் கட்டம் காலி. அப்பா டிக் போட மறந்துவிட்டார் என்று எனக்காக அவளே போட்டிருக்கிறாள். வியாழன் அப்படி, வெள்ளி அப்படி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரோடு விழுந்துவிட்டான்.

வடிவு தனியாக இருந்திருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே அவள் பாவாடையை மடித்து வைத்துவிட்டுத்தான் முஃபீதாவைக் கூப்பிட ஓடினாளாம். எனக்கு விஷயமே இரண்டு மணிக்குத்தான் தெரியும். செல்போன் லாக்கரில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் இருபத்திரண்டு மிஸ்டு கால். சேரன்மகாதேவியிலிருந்து ஹைகிரவுண்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் எனக்கு ஞாபகம் இல்லை.

டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. நல்ல மாதிரி. மாத்திரை ஏதும் விட்டுப்போச்சா என்று கேட்டார். எனக்கு வந்ததே பெருமை, ஒரு வேளை கூடத் தவறாது மேடம் என்று செல்லை எடுத்து உனக்கு அனுப்பிய அதே படத்தைக் காட்டினேன். அந்தப் பொண்ணு படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வீட்டிலிருக்கிற அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணச் சொன்னார். முஃபீதா கொண்டுவந்தாள். மூன்று மாத்திரை கூடுதலாக இருந்தது.

நித்யா, அப்போது நான் செய்ததை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். வார்டில் அத்தனை பேர் முன்னால் வடிவைப் பார்த்து, ஏட்டி, மாத்திர குடுக்காமயாட்டி டிக் போட்ட, தம்பியக் கொல்லவா பாத்த என்று கேட்டுவிட்டேன். பதினோரு வயதுப் பிள்ளையைப் பார்த்து. அவள் அழவில்லை. ராஜ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மறுநாள் முஃபீதாதான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைய ஏசாதிய அண்ணே, அப்பா குடுத்துட்டுத்தான் போயிருப்பாவன்னு நெனச்சிருக்கு, கட்டம் காலியா கெடந்தா நீங்க ஏசுவியன்னுதான் டிக் போட்டுச்சாம் என்றாள். செல்லை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன், காலை மாத்திரைக்கு நேரே அப்பா என்றுதான் இருந்தது.

ராஜுக்கு இனி பயமில்லை என்கிறார் டாக்டர். மருந்தை மாற்றவில்லை, தவறாமல் கொடுத்தால் போதும் என்றார். பயம் வடிவை நினைத்துத்தான். அந்தப் பிள்ளை என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கதவில் இருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் அவள் ஒரு நோட்டில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறாள். மாத்திரை அட்டையை என்னைத் தொட விடுவதில்லை. கொடுத்துவிட்டு அவன் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள். அவன் ஓடினால் பின்னால் ஓடுகிறாள், கக்கூஸுக்குப் போனால் வெளியே நிற்கிறாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது.

புதன்கிழமை ராஜ் பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தார். உங்க மகள் எதற்கு தினமும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, அந்த வேப்ப மரத்தடியில், யூனிஃபார்ம் போட்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பைக்குள் புத்தகம் இல்லை. மாத்திரை அட்டையும் தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் இருந்தது. எட்டு நாளாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கணக்குப் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு மார்க் என்று உன்னிடம் சொன்னாளே, நீகூட முத்தம் கொடுத்தாயே, அந்தப் பரீட்சையை அவள் எழுதவே இல்லை.

ஏசவில்லை. பைய வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துச் சொன்னேன். தப்பு உன்மேல இல்லம்மா, ஷிப்டு மாறினத சொல்லாதது நான், கட்டத்த நிரப்பச் சொன்னதும் நான் என்றேன். சரிப்பா என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி சொன்னேன், சரிப்பா. நேற்றும் சொன்னேன். அந்த சரிப்பாவை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது. இன்று மில்லில் மிஷின் முன்னால் நிற்கும்போதுதான் பிடிபட்டது. நான் உன்னிடம் போனில் எல்லாம் சரி என்று சொல்கிற அதே குரல்தான். நான் சொல்வதை அவள் நம்பவில்லை நித்யா. எப்படி நம்புவாள்? ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு கொடை வீட்டில் இருக்கிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டவள்.

எனக்கு வழி தெரியவில்லை. லீவு கேட்டிருக்கிறேன், நாலு நாள் தருவதாகச் சொல்கிறார்கள். நாலு நாளில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தைரியமாகப் போ என்று ஏர்போர்ட்டில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான்தான். உன் ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. அதைப்பற்றி ஒரு வார்த்தை எழுத எனக்கு வாய் இல்லை. நீயாக என்ன முடிவு எடுத்தாலும் சரி.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன். ராஜை முஃபீதா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், வடிவு என் பக்கத்தில் இருப்பாள். அவளிடம் சமாதானம் சொல்லாதே, அதற்கும் சரிம்மா என்று சொல்லிவிடுவாள். நீ என்னைக் கேள். ஏன் பிள்ளைகிட்ட சொல்லாம ஷிப்டுக்குப் போனிய, ஏன் அவள அப்படிக் கேட்டிய என்று கேள். நான் மழுப்பினால் விடாதே. நம் கல்யாணம் ஆனதிலிருந்து நீ என்னைச் சத்தமாக ஏசியதில்லை. அன்றைக்கு ஏசு. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அவள் காது நிறையக் கேட்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னைக் காப்பாள்.

இப்படிக்கு,
உன் வடிவுக்கும் ராஜுக்கும் அப்பன்,
செந்தில்முருகன்