இழுப்பு எனக்கில்லை, வண்டிக்கு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அதிலும் என் மூச்சு படு நலம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகம்தானே.

நீ அனுப்பிய மூச்சுக் கருவி வந்தது. அதைப் பிரித்துப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அட கிறுக்கா, மேடு ஏறும்போது இழுப்புதான் பிரச்சினை என்று போனில் நான் சொன்னது வண்டியைப் பற்றி. நீ பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு மூச்சிழுப்பு என்று முடிவு கட்டி, வயசான காலத்துல எதுக்கும்மா ரிஸ்க், காரை வித்துட்டு இங்க வந்துடுங்க என்று தீர்ப்பே சொல்லிவிட்டாய். அதோடு விட்டாயா, சாவியை ஒளித்து வைக்கும்படி அப்பாவிடம் வேறு சொல்லியிருக்கிறாய்.

அப்பாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் மேட்டின் உச்சியில் இருப்பது உனக்குத் தெரியும். டாக்சிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் நழுவிவிடுகிறார்கள். நான் ஓட்டாவிட்டால் பயிற்சி நின்றது, பயிற்சி நின்றால் அந்தக் கால் போனது. என் பயமெல்லாம் அது ஒன்றுதான். பாதி மேட்டில் சிக்னலில் நின்று கிளம்பினால் நம் பழைய பெட்ரோல் வண்டி முதலில் கத்தும், பிறகுதான் யோசித்து இழுக்கும், அதற்குள் பின்னால் இருப்பவன் ஹாரனிலேயே திட்டி முடித்துவிடுவான். இன்ஜின் வேகமா சுத்தினாதான் இதுக்கு இழுவை வரும், அதோட குணமே அப்படித்தாம்மா என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

ஷோரூமுக்குப் போனோம். விற்கிற தம்பி என்னை விட்டுவிட்டு அப்பாவிடமே பேசிக்கொண்டிருந்தான், நான் சும்மா கூட வந்த ஆளு, ஓட்டறது இவங்கதான் என்று அப்பா சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினான். புதிய பெட்ரோல் வண்டி ஒன்று, பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் ஒன்று, இரண்டையும் நம் மேட்டுக்கே கொண்டு வரச் சொன்னேன். பெட்ரோல் வண்டி புதியதானாலும் கொஞ்சம் மரியாதையாகக் கத்திவிட்டுத்தான் ஏறியது. ஹைப்ரிடில் மின்சார மோட்டார் இருக்கிறதாம், சக்கரம் அசையும்போதே முழு இழுவையும் கொடுத்துவிடுமாம். சத்தமே காணோம், ஆஃப் ஆயிடுச்சா என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டோம். இவ்வளவு டார்க், அதான் இந்த இழுவை, உங்களுக்கு எதுக்கும்மா, நீங்க மெதுவா போறவங்கதானே என்றான் விற்கிற தம்பி. நின்னு மெதுவா கிளம்பறவளுக்குத்தான் தம்பி இழுவை வேணும், பறக்கறவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்றேன்.

பழைய காரை விற்கச் சொன்னாய் அல்லவா, உன் பேச்சைத் தட்டவில்லை, அதைக் கொடுத்துவிட்டுத்தான் ஹைப்ரிடை வாங்கினேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். உன் வீட்டுக்கு வருவோம், விருந்தாளியாக வருவோம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார வர மாட்டோம்.

இன்னொன்று, அப்பாவும் உன் பேச்சைத் தட்டவில்லை. நேற்றுக் காலை புதுச் சாவியைக் காணோம், ஆளையும் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டு வெளியே வந்து பார்த்தால், மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து படியிறங்கிப் போய், காரில் என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சாவி அவர் கையில். நேரமாச்சு, ஏறு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே ஓட்டினேன், நன்றாகத்தான் ஓட்டினேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மூச்சுக் கருவியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை, லீவுக்கு வரும்போது இந்த மேட்டில் நீ நடந்து ஏறிப் பார், உனக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
இழுப்பில்லாத உன் அம்மா